கணினிக் கேள்வி பதில்: இரண்டு கடிகாரம் முரண்பட்டால் யாரை நம்புவது?

இந்த மாதம் பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியே இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகப் போய்விட்டது. அதே தவறை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன், அதனால் சுருக்க மனம் வரவில்லை.

பெகு, நெல் ஆலைக் கணக்குப் பிள்ளை

கேள்வி: அக்கா, எங்கள் ஆலையில் சிங்கப்பூரிலிருந்து வாங்கிய பழைய சர்வர் ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. இரண்டு ப்ராஸஸர் போட்டது. போன மாதம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தோம். அன்றிலிருந்து பில் போடும் மென்பொருள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கணினியின் பதிவேடான லாகில் 'டிஎஸ்சி நிலையற்றது, விலகல் மிக அதிகம்' என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. பக்கத்து மில்லில் வேலை பார்ப்பவர், கணினி கிளம்பும்போது கெர்னல் படிக்கும் பூட் வரியில் 'டிஎஸ்சி=ரிலையபிள்' (டிஎஸ்சியை நம்பலாம்) என்று சேர்த்தால் போதும் என்கிறார். எங்கள் முதலாளியோ ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்குவதால் வந்த கோளாறு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த வரியை இப்போது போடாதீர்கள் தம்பி.

முதலாளியின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கரண்டின் 50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் பழைய மின்கடிகாரம் ஜெனரேட்டரில் முன்னே பின்னே போகும், அது உண்மைதான். கணினி அப்படி எண்ணுவதில்லை. வரும் கரண்டைப் பவர் சப்ளை டிசி ஆக்கித்தான் உள்ளே விடுகிறது. நேரத்துக்கு ஆதாரம் போர்டில் இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். ஜெனரேட்டர் திணறினால் ஹார்ட் டிஸ்க் கெடலாம், பவர் சப்ளை போகலாம். இந்த வரி அதனால் வராது.

டிஎஸ்சி என்பது ப்ராஸஸருக்குள்ளேயே இருக்கும் 64 பிட் கவுண்டர். 1993-ல் இன்டெலின் பெண்டியம் ப்ராஸஸரோடு வந்தது. ப்ராஸஸர் துடிக்கத் துடிக்க அது கூடிக்கொண்டே போகும். படிப்பதற்குச் சில பத்துத் துடிப்புகள் போதும், ப்ராஸஸரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அதனால் நேரம் பார்க்கக் கெர்னலுக்கு அதன் மேல்தான் பிரியம். லினக்ஸ் தன்னிடமுள்ள கடிகாரங்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது: டிஎஸ்சிக்கு 300, ஹெச்பெட்டுக்கு 250, ஏசிபிஐ பிஎம் டைமருக்கு 200, ஆதிகாலத்துப் பிஐடிக்கு 110. பின்னால் உள்ள மூன்றும் ப்ராஸஸருக்கு வெளியே போர்டில் இருக்கும் டைமர்கள். கிடைப்பவற்றில் மதிப்பெண் கூடியதை எடுத்துக்கொள்ளும்.

வேகம் இருந்த அளவுக்கு அந்தக் கவுண்டரிடம் நாணயம் இருந்ததில்லை. பழைய ப்ராஸஸர்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தால் கவுண்டரும் மெதுவாகும். வேலையில்லாமல் ஆழ்ந்து தூங்கினால் கவுண்டர் நின்றேவிடும். இரண்டு சாக்கெட் போட்ட போர்டில் இரண்டு ப்ராஸஸரும் ஒரே கணத்தில் எண்ணத் தொடங்கியிருக்கும் என்ற உறுதி கிடையாது. இவற்றோடு சில பயாஸ்கள் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) கெர்னலுக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் ப்ராஸஸரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தை மறைப்பதற்காகக் கவுண்டரின் எண்ணையே திருத்தி வைக்கும். முதல் இரண்டு குறைகளையும் பின்னால் வந்த ப்ராஸஸர்கள் தீர்த்துவிட்டன. உங்கள் சர்வரில் சிபியு விவரப் பட்டியலைத் திறந்து 'கான்ஸ்டன்ட் டிஎஸ்சி', 'நான்ஸ்டாப் டிஎஸ்சி' என்ற இரண்டு கொடிகளும் (ஃப்ளாக் என்னும் அடையாளச் சொற்கள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, வேகம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பதற்கு. இரண்டாவது, தூங்கினாலும் நிற்காது என்பதற்கு. சாக்கெட் வித்தியாசத்துக்கும் பயாஸின் கைவரிசைக்கும் இந்தக் கொடிகள் உத்தரவாதம் தருவதில்லை.

அதனால்தான் கெர்னல் ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. அரை விநாடிக்கு ஒரு முறை அவன் டிஎஸ்சியையும் இன்னொரு கடிகாரத்தையும், பெரும்பாலும் ஹெச்பெட்டை, ஒன்றாகப் படித்து, போன தடவையிலிருந்து இரண்டும் எவ்வளவு ஓடியிருக்கின்றன என்று ஒப்பிடுவான். ஒவ்வொரு முறையும் அடுத்த கோருக்கு (ப்ராஸஸருக்குள் தனித்து வேலை செய்யும் பிரிவு) நகர்ந்துபோய்ப் பார்ப்பான். எல்லை தாண்டினால் டிஎஸ்சியை நிலையற்றது என்று குறித்துவிட்டு, எல்லாக் கோர்களையும் ஒரு கணம் நிறுத்தி, நேரம் தாவாதபடி அடுத்த கடிகாரத்துக்கு மாற்றிவிடுவான். மறுபடி பூட் செய்யும் வரை டிஎஸ்சிக்கு மன்னிப்புக் கிடையாது.

அந்த எல்லை எவ்வளவு என்பதுதான் உங்கள் கதையில் முக்கியம். வெகுகாலம் அது அரை விநாடிக்கு 62.5 மில்லி விநாடியாக இருந்தது. கணக்குப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எட்டில் ஒரு பங்கு. எட்டு மூட்டைக்கு ஒரு மூட்டை குறைந்தால்தான் குரல் கொடுப்பான். 2021-ல் வந்த 5.14 கெர்னலில் இந்த எல்லையை மைக்ரோ விநாடிக் கணக்குக்கு இறுக்கினார்கள். உங்களுக்குக் கெர்னல் புதுப்பித்த பிறகுதான் வரி வந்தது என்கிறீர்கள். அப்படியானால் சர்வரில் புதிய நோய் வந்திருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. முன்பே இருந்தது இப்போது கண்ணில் பட்டிருக்கிறது.

மெதுவாவதற்குக் காரணம் ஹெச்பெட். அது ப்ராஸஸருக்கு வெளியே, போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டில் இருக்கிறது. ஒரு முறை படித்து வர ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடி பிடிக்கும். ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் விநாடிக்கு ஒரு லட்சம் முறை மணி கேட்டால், விநாடியில் பத்தில் ஒரு பங்கு மணி பார்ப்பதிலேயே போய்விடும். டிஎஸ்சி இருந்தவரை நிரல்கள் கெர்னலுக்குள் நுழையாமலே நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு முறையும் கெர்னலின் வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். யாங்கோனில் (பழைய ரங்கூன்), சூலே பகோடாவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் சர்வரை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். உங்களுடையது போலவே இரண்டு சாக்கெட். இதே புகார், இதே வரி. அவசரத்தில் 'ரிலையபிள்' என்று போட்டேன். அன்றே வேகம் திரும்பியது, கடைக்காரர்கள் எனக்கு டீயும் சமூசாவும் வாங்கித் தந்தார்கள். மூன்றாவது வாரம் அந்தக் கடையின் மூத்த கணக்கர் ஒரு தாளை நீட்டினார். "அம்மா, இதைப் பாருங்க. ரசீது முதல்ல இருக்கு, பில் அதுக்குக் கீழ இருக்கு. காச வாங்கிட்டுத்தான் பில் போடுவோமா?" என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் நேர வித்தியாசம் சில மில்லி விநாடிதான். ஆனால் வரிசை தலைகீழ். பில் எழுதும் நிரல் ஒரு ப்ராஸஸரிலிருந்து மற்றதற்குத் தாவியபோது நேரம் பின்னால் போயிருக்கிறது. 'ரிலையபிள்' என்று நாம் சொன்னால் கெர்னல் காவல்காரனை மட்டும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பூட் ஆகும்போது ப்ராஸஸர்களின் கவுண்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனையையும் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஆளே இல்லை. அந்தப் பதிவுகளை பில் எண்ணை வைத்து வரிசைப்படுத்த எனக்கும் அந்தக் கணக்கருக்கும் மூன்று இரவு ஆனது. அதில் இரண்டு இரவு மெழுகுவர்த்தியில்.

இப்போது உங்களுக்கு. லாகில் அந்த வரிக்குக் கீழே இரண்டு எண்கள் இருக்கும்: காவல் கடிகாரம் எத்தனை நானோ விநாடி ஓடியது, டிஎஸ்சி எத்தனை ஓடியது. இரண்டையும் எழுதி வையுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு பூட்டிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் வருகிறதா, இல்லை எப்போதாவது ஒரு முறை எகிறுகிறதா என்பது தெரிய வேண்டும். ஒரே பக்கமாக வந்தால் இரண்டில் ஒன்றின் அலைவெண்ணைக் கெர்னல் தவறாக அளந்திருக்கலாம். எப்போதாவது என்றால் பயாஸ் மேல் என் சந்தேகம் போகும். போர்டைச் செய்தவர்கள் பயாஸுக்குத் திருத்தம் வெளியிட்டிருந்தால் முதலில் அதைப் போடுங்கள். அதற்குப் பிறகும் வரி வந்தால் ஹெச்பெட்டிலேயே ஓடட்டும். வேகத்துக்கு வேறு வழி இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் மணி பார்த்து லாக் எழுதுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் தின்கிறது, நிறுத்திவிடலாம். நிரலைத் திருத்த முடிகிறவர் இருந்தால், துல்லியம் தேவைப்படாத இடங்களில் 'கோர்ஸ்' என்ற தோராயக் கடிகாரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கெர்னல் கடைசி டிக்கில் (சில மில்லி விநாடிக்கு ஒரு முறை வரும் துடிப்பு) குறித்து வைத்த நேரத்தை அது அப்படியே கொடுக்கும். சில மில்லி விநாடி பழையதாக இருக்கும், ஆனால் ஹெச்பெட் பக்கமே போகாது. நெல் மூட்டைக்கு அது தாராளம்.

தட்டோன், பொறியியல் படித்தவர்

கேள்வி: டிஎஸ்சியைப் பிடிக்க ஹெச்பெட்டை வைக்கிறார்கள். ஹெச்பெட்டே பொய் சொன்னால்?

பதில்: சொல்லியிருக்கிறது. இன்டெலின் பே ட்ரெயில், காஃபி லேக் போன்ற தளங்களில் சிப் முழுவதும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது ஹெச்பெட் சரியாக ஓடாமல் போனது. எழுந்ததும் காவல்காரன் ஒப்பிட்டான். இரண்டுக்கும் வித்தியாசம். ஹெச்பெட்டைச் சத்தியவான் என்று வைத்திருந்ததால், ஒழுங்காக ஓடிய டிஎஸ்சிக்குத் தண்டனை கிடைத்தது. கடைசியில் அந்தத் தளங்களில் ஹெச்பெட்டையே பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னலில் எழுத வேண்டியதாயிற்று.

ஏசிபிஐ பிஎம் டைமரும் பழுதற்றதல்ல. பழைய பிஐஐஎக்ஸ்4 சிப்செட்டில் எண் மாறிக்கொண்டிருக்கும் நொடியில் படித்தால் அரைகுறையான எண் கிடைக்கும். அதனால் அங்கே மூன்று முறை படித்து, மூன்றும் ஏறுவரிசையில் இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். மேலும் அது பெரும்பாலும் 24 பிட் கவுண்டர். விநாடிக்கு 35,79,545 துடிப்பு வீதம் 4.7 விநாடிக்குள் நிறைந்து மறுபடி சுழியிலிருந்து தொடங்கிவிடும். கெர்னல் அதற்குள் ஒரு முறையாவது வந்து பார்க்காவிட்டால், ஒரு சுற்றுப் போனதே தெரியாது.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. இரண்டு கடிகாரமும் சரி, படித்தவன்தான் தாமதித்தான். டிஎஸ்சியைப் படித்துவிட்டு ஹெச்பெட்டைப் படிப்பதற்குள் பயாஸோ, மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அதை ஓட்டும் சர்வரோ குறுக்கிட்டால், அந்த இடைவெளி விலகல் போலத் தெரியும். நான் முன்னே சொன்ன 2021 மாற்றத்தில் இதற்கும் வழி செய்தார்கள்: காவல் கடிகாரத்தை முன்னும் பின்னும் படித்து, நடுவில் நேரம் அதிகமாகப் போயிருந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. குற்றம் சாட்டுவதற்கு முன் தன் கை நடுங்கியதா என்று பார்த்துக்கொள்கிறது.

இருந்தாலும் இரண்டே பேர் என்றால் யார் தவறு என்பதைத் தீர்க்க முடியாது. கோயிலில் உண்டியல் எண்ணும்போது இருவர் தொகை மாறினால் என்ன செய்கிறோம்? மூன்றாவது ஆளை உட்கார வைக்கிறோம். கணினிக்கு மூன்றாவது ஆள் வெளியே, இணையத்தில் சரியான நேரம் தரும் என்டிபி சர்வர். அதோடு நேரத்தை ஒப்பிடும் க்ரோனி போன்ற நிரலை ஓடவிட்டு, டிஎஸ்சியில் ஒரு நாள், ஹெச்பெட்டில் ஒரு நாள் என்று வைத்து, விலகல் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினாலும் நாளைக்கு 4.3 விநாடிதான். அதை என்டிபி சிறுகச் சிறுகச் சரிக்கட்டிவிடும். கெர்னல் என்டிபிக்கு அனுமதிக்கும் உச்சத் திருத்த வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு, நாளைக்கு 43.2 விநாடி. அதையும் தாண்டி ஓடுகிற கடிகாரம் எதுவோ அதுதான் தவறு செய்கிற ஆள். நம் ஊரில் இணையம் விட்டு விட்டு வருவதால் ஒரு மணி நேரக் கணக்கை நம்பாதீர்கள், முழு நாள் விடுங்கள்.

யாங்கோன், கல்லூரி மாணவி

கேள்வி: ஒரு கணினிக்குள் ஏன் இத்தனை கடிகாரம்? ஒன்றே ஒன்று நன்றாகச் செய்தால் போதாதா?

பதில்: யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல மகளே, காலத்துக்குக் காலம் சேர்ந்தது. முதல் பிசியில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றைப் போட்டார்கள். அது அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக் கலர் டிவியின் நிற அலைவெண்ணைப் போல நான்கு மடங்கு, டிவியில் படம் காட்ட அது தேவைப்பட்டது. நம் பர்மா டிவியும் அந்த என்டிஎஸ்சி முறையைத்தான் பின்பற்றியது. அந்தக் கிரிஸ்டலைப் பன்னிரண்டால் வகுத்துப் பிஐடியை ஓட்டினார்கள், 1.193182 மெகாஹெர்ட்ஸ். அதை 65,536 ஆல் வகுத்தால் விநாடிக்கு 18.2 டிக். டாஸ் காலத்து நிரல்களில் இந்த 18.2 என்ற எண்ணைப் பார்த்திருப்பாய். நான்கால் வகுத்தால் மேலே சொன்ன பிஎம் டைமரின் 35,79,545 வருகிறது, வகுத்துப் பார். ஹெச்பெட்டும் பல போர்டுகளில் இதே 14.31818-ல்தான் ஓடுகிறது. கணினி அணைந்திருக்கும்போது தேதி காப்பது ஆர்டிசி. அதற்குத் தனிக் கிரிஸ்டல், 32,768 ஹெர்ட்ஸ். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண். அதனால் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடி.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. ஆர்டிசிக்குப் பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடத் தெரியும், நுணுக்கம் தெரியாது. டிஎஸ்சிக்கு நுணுக்கம் உண்டு, அணைத்தால் எல்லாம் போச்சு. 2006-ல் ஜான் ஸ்டல்ட்ஸ் லினக்ஸின் நேரக் கணக்கைத் திருத்தி எழுதியபோது, எண்ணும் கருவி வேறு, நேரத்தைக் கணக்கிடும் பகுதி வேறு என்று பிரித்தார். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கடிகாரத்தைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்த முடிகிறது.

மோல்மேன், பள்ளி ஆசிரியை

கேள்வி: கரண்ட் போய் வந்தால் பள்ளிக் கணினி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. இது அந்த டிஎஸ்சி கோளாறா?

பதில்: இல்லை டீச்சர். போர்டில் இருக்கும் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாற்றுங்கள். ஆனால் மாற்றியதும் பயாஸைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள், பேட்டரி தீர்ந்தபோது பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பழைய கணினியில் ஆழ்தூக்க நிலைகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். பேட்டரி போனதும் அவை தாமாகவே திரும்பி வந்தன. அந்த ப்ராஸஸரில் 'நான்ஸ்டாப்' கொடி கிடையாது. 'ஓய்வில் டிஎஸ்சி நிற்கிறது' என்று கெர்னல் அதைத் தள்ளி வைத்துவிட்டது. யாரும் எதையும் மாற்றவில்லையே என்று இரண்டு நாள் தேடினோம்.

யாங்கோன், மூத்த வாசகர்

கேள்வி: என் அண்ணன் 1943-ல் ரங்கூனில் பிறந்தவர். ஜாதகத்தில் பிறந்த மணி எழுதியிருக்கிறது. கணினியில் போட்டுப் பார்த்தால் லக்கினம் மாறுகிறது என்கிறான் பேரன். கணினி தவறா, ஜாதகம் தவறா?

பதில்: ஐயா, இரண்டுமே சரியாக இருக்கலாம். கெர்னலுக்கு ஊர் நேரம் தெரியாது. அது 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணுகிறது, அதற்கு முந்தையது கழித்தல் எண். ஊர் நேரமாக மாற்றித் தருவது தனியாக இருக்கும் நேர மண்டலப் பட்டியல். நம் ஊருக்கு அதில் மூன்று கணக்கு இருக்கிறது. 1920-க்கு முன் கிரீன்விச்சுக்கு 6 மணி 24 நிமிடம் 47 விநாடி முன்னால். அதற்குப் பின் ஆறரை மணி. ஜப்பான்காரர்கள் வந்த 1942-லிருந்து 1945 வரை டோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. பேரன் பயன்படுத்தும் நிரல் இந்தப் பட்டியலைப் பார்த்தால், ஜாதகத்தில் உள்ள மணியை டோக்கியோ மணி என்று எடுத்துக்கொண்டு பிறந்த நேரத்தில் இரண்டரை மணி நேரத்தைக் குறைத்துவிடும். லக்கினம் மாறத்தான் செய்யும்.

ஜாதகம் எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதுதான் கேள்வி. ஆபீஸில் டோக்கியோ நேரம் ஓடினாலும் வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பாமல் விட்டிருக்கலாம். ஜாதகத்தில் சூரிய உதயத்திலிருந்து எத்தனை நாழிகை என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மணியை விட்டுவிட்டு அதை வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள், சூரியன் எந்தச் சர்க்கார் உத்தரவுக்கும் நேரம் மாற்றிக்கொள்வதில்லை. நாழிகை எழுதியிருக்காவிட்டால், அந்த வருஷங்களில் ரங்கூனில் இருந்த உறவுக்காரர் யாராவது இன்னும் இருந்தால், வீட்டுக் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடியது என்று கேட்டு அந்த ஜாதகத்தின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.